அட்டைப்பெட்டியில் 20 லிட்டர், அறையில் எத்தனை?

வால்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை, வாடகை வீடு. "ஆனி பிறந்தாப் போதுமுங்க, பீரோவுல இருக்கற பட்டுச்சேலையில வெள்ளை வெள்ளையா பூசணம் பூத்துருது. தோல் செருப்பு பச்சையாயிருது. அப்பளம் பொரிச்சு எடுத்து வெச்சா கால் மணி நேரத்துல நமுத்துப்போகுது. ஈரத்தை உறிஞ்சுற மிஷின்னு ஆன்லைன்ல விக்கறாங்க. ஒருத்தன் 20 லிட்டர்ங்கறான், இன்னொருத்தன் அரை லிட்டர்ங்கறான், பேரு மட்டும் ஒண்ணேதான். எதை வாங்கறதுங்க? அதுல சேர்ற தண்ணிய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமுங்களா?"

கோவையில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கும். இங்கே நூற்பாலைகளில் காற்றில் ஈரம் போதவில்லை என்று தண்ணீரைத் தூவி ஈரமேற்றுகிறார்கள். இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதே மாவட்டத்தில் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறை. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதுகிற மலை. பக்கத்துச் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், தாங்கக்கூடியதில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று பொருள். 70, 75 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். நமக்கு 55 முதல் 60 வரை இருந்தால் போதும்.

இப்போது மிஷினுக்குள் போவோம். இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

கம்ப்ரசர் வகை டீஹியூமிடிஃபையரை, அதாவது ஈரத்தை உறிஞ்சும் மிஷினை, திறந்து பார்த்தால் ஒரு சின்ன ஃபிரிட்ஜை மடித்து வைத்ததுபோல இருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு காயில்கள் (குழாய்ச் சுருள்கள்), நடுவே சில விரற்கடை இடைவெளி. ஒன்று சில்லென்று இருக்கும், மற்றது சுடும். மின்விசிறி அறைக் காற்றை இழுத்து முதலில் குளிர்ந்த காயில் வழியாக விடுகிறது. 20 டிகிரியில், 90 சதவீத ஈரத்தில் இருக்கும் காற்றின் ஒரு கன மீட்டரில் 15 கிராமுக்கும் மேல் நீர் இருக்கிறது. அதை 10 டிகிரிக்கு இறக்கினால் 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். மிச்சம் 6 கிராம் போக வழியில்லாமல் காயிலின் அலுமினியத் தகடுகளில் முத்துமுத்தாகப் படிந்து, வழிந்து, தொட்டியில் சொட்டுகிறது. (நிஜத்தில் காற்று முழுவதும் காயிலைத் தொடாது, ஒரு பங்கு சும்மாவே கடந்துபோகும். கணக்குக்காகச் சொன்னேன்.)

இதோடு நிறுத்தினால் அது ஏசி. ஏசி சூட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளிவிடும். இந்த மிஷின் அப்படிச் செய்வதில்லை. குளிர்ந்து ஈரத்தை உதிர்த்த அதே காற்றை உடனே சுடும் காயில் மேல் விடுகிறது. 9 கிராம் நீரோடு அந்தக் காற்று 30 டிகிரிக்கு ஏறினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதம்தான். மழை நாளில் அது ஈரத் துணிக்குப் பட்டால் எப்படியிருக்கும்!

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? மின்சாரத்திலிருந்து மட்டும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க என்ன வெப்பம் செலவாகிறதோ, அந்த ஆவி திரும்பத் தண்ணீராகும்போது அதே வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். அறை வெப்பநிலையில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 0.68 யூனிட். 250 வாட் மிஷின் 4 மணி நேரம் ஓடினால் 1 யூனிட் மின்சாரம். அந்த நேரத்தில் 2 லிட்டர் எடுத்தது என்று வையுங்கள். அறைக்குக் கிடைக்கும் வெப்பம் மின்சாரத்தின் 1 யூனிட்டும் நீராவியின் 1.36 யூனிட்டுமாக 2.36. ஒன்று கொடுத்து இரண்டுக்கு மேல் வாங்குகிறோம். மாயம் ஒன்றும் இல்லை. எங்கோ அரபிக்கடலில் வெயில் ஆவியாக்கி வைத்த நீர், தன் வெப்பத்தை உங்கள் படுக்கையறையில் இறக்கிவைக்கிறது. ஆடி மாதத்து வால்பாறையில் இது வரம். பொள்ளாச்சியில் சித்திரை மாதம் இதே மிஷினைப் போட்டால் புழுக்கத்தில் வெந்துபோவீர்கள். அங்கே ஏசியில் இருக்கும் டிரை மோடே போதும்.

சரி, 20 லிட்டர் என்ற எண்ணுக்கு வருவோம். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டி அளந்தது. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீர் இருக்கும். காயிலைக் காட்டினாலே கொட்டும். உங்கள் அறை 20 டிகிரி. ஈரம் 60 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு காற்றில் இருப்பது 10 கிராம்தான். அதே மிஷின் அப்போது பாதிகூட எடுக்காது. சிறிய எழுத்தில் 27 டிகிரி, 60 சதவீதம் என்று இன்னொரு எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள், அதையும் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் எண்ணி வாங்குகிறோம். நான் பார்த்த டீஹியூமிடிஃபையர் பெட்டிகளில் அப்படி எதுவும் இல்லை. கோவையைச் சுற்றி வீதிக்கு வீதி பொறியியல் கல்லூரி. கடைசி வருட மாணவர்கள் நாலு மிஷினை வால்பாறைக்குக் கொண்டுபோய் ஆடி மாதத்தில் ஓட்டி அளந்து வெளியிட்டால் ஆகும் செலவு சொற்பம். ஆனால் அளந்து பார்ப்பது ஆராய்ச்சி என்று நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை, காசும் தருவதில்லை.

உங்கள் அறைக்கு எவ்வளவு வேண்டும்? 12க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 41 கன மீட்டர். 20 டிகிரியில் 90 சதவீதத்திலிருந்து 60க்கு இறக்க, கன மீட்டருக்கு 5 கிராம் வீதம் எடுக்க வேண்டியது மொத்தம் 210 மில்லி. ஒரு டம்ளர் தண்ணீர்! இதற்கா 20 லிட்டர் மிஷின்? சிக்கல் அந்த டம்ளரில் இல்லை, அது திரும்பத் திரும்ப நிரம்புவதில். கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாக மணிக்கு ஒரு முறை அறைக் காற்று மாறினாலே நாளைக்கு 5 லிட்டர் புதிதாக வந்துவிடும். எஸ்டேட் லைன் வீடுகள் மாதிரி ஓட்டுக் கூரை என்றால் காற்று அதற்கும் பல மடங்கு வேகத்தில் மாறும். அங்கே மிஷின் போடுவது விழலுக்கு இறைத்த நீர். கான்கிரீட் தளம், சந்துகளை அடைத்த ஒரே அறை, அதற்குள் பீரோ என்று வைத்துக்கொண்டால் பெட்டியில் 12 முதல் 20 லிட்டர் போட்ட கம்ப்ரசர் மிஷின் சமாளிக்கும். வீடு முழுவதையும் காயவைக்க நினைக்காதீர்கள்.

முதல் வாரம் தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும், ஆனால் ஈரம் காட்டும் மீட்டரில் சதவீதம் அசையாது. மிஷின் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். பருத்திக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. நூல் வியாபாரத்தில் உலர்ந்த பஞ்சின் எடையில் 8.5 சதவீதம் ஈரம் இயல்பானது என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். 10 கிலோ பஞ்சு மெத்தைக்குள் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். மெத்தை, துணிமணி, புத்தகம், சுவர்ப் பூச்சு எல்லாம் கக்கி முடித்த பிறகுதான் சதவீதம் இறங்கும்.

மிஷின் வாங்குவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். ஓதம் அடிக்கிற இடத்தில் ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம், மிஷின் உதவும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அஸ்திவாரத்திலிருந்தோ குழாய்க் கசிவிலிருந்தோ தண்ணீர் ஏறுகிறது. அதற்குக் கொத்தனாரும் வீட்டுக்காரரும்தான் வேண்டும்.

காற்றின் ஈரத்தை அளக்க ஒரு மலிவு ஹைக்ரோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அது உண்மை சொல்கிறதா என்று உப்பைக் கேட்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். உப்பின் இயல்பு அது: சுற்றிலும் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். வீட்டு மூலையில் கிண்ணத்தில் கல் உப்பு வைத்து, அது நீர்த்தால் திருஷ்டியை இழுத்துக்கொண்டது என்று சொல்கிறார்கள் அல்லவா? அப்படியானால் வால்பாறைக்காரர்கள் மேல்தான் தமிழ்நாட்டிலேயே அதிகக் கண் பட்டிருக்க வேண்டும், கரூர்க்காரர்கள் மேல் யார் கண்ணுமே பட்டிருக்காது.

அரை லிட்டர் டப்பா பெல்டியர் வகை. இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும் என்று 1834ல் ழான் பெல்டியர் கண்டுபிடித்த விளைவு. சத்தம் இல்லை, பலமும் இல்லை. மணிக்கு 200 மில்லி உள்ளே வரும் அறையில் நாளைக்குச் சில நூறு மில்லி எடுத்து என்ன பயன்? மூன்றாவது வகையில் ஈரம் உறிஞ்சும் சக்கரம் ஒன்று மெதுவாகச் சுற்றும். ஒரு பக்கம் உறிஞ்சும், மறு பக்கம் ஹீட்டர் அதை உலர்த்தும். மின்சாரம் அதிகம் தின்னும். ஆனால் அறை 15 டிகிரிக்குக் கீழே போகிற ஊட்டி, குன்னூர்க் குளிரில் கம்ப்ரசர் காயிலில் பனிக்கட்டி கட்டி மிஷின் அடிக்கடி நின்றுவிடும், இது நிற்காது. வால்பாறையில் மழைக்காலத்துக்குக் கம்ப்ரசரே போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால் தானாகத் திரும்ப ஓடுமா? ஓடாது என்றால் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அது சும்மா நிற்கும். தொட்டி நிரம்பினாலும் நின்றுவிடும். குழாய் மாட்டி வெளியே விட வசதி இருந்தால் நல்லது.

பேட்டரிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. பார்க்கக் காய்ச்சி வடித்ததுபோல இருந்தாலும் காயிலின் உலோகக் கசடும், காற்றின் தூசியும், பூசண வித்துகளும் கலந்தது. பேட்டரிக்குக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வீடு துடைக்கவோ ரோஜாச் செடிக்கோ ஊற்றலாம்.