பிரவுசரில் திறக்கிறது, மற்ற இடத்தில் அறுகிறது: நடுவில் விடுபட்ட சான்றிதழ்

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் சின்ன இணையக் கடைக்குச் சான்றிதழ் ("இது அந்தத் தளம்தான்" என்று https இணைப்பில் காட்டும் பாதுகாப்புச் சான்று) புதுப்பித்துக் கொடுத்தேன். லேப்டாப்பில் தளத்தைத் திறந்து பார்த்தேன், எச்சரிக்கை ஏதும் வரவில்லை, சரி வேலை முடிந்தது என்று தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் ராத்திரி முழுக்க ஓர் ஆர்டர்கூட உறுதியாகவில்லை. வாடிக்கையாளர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் "பணம் வந்துவிட்டது" என்று சொல்வதற்காகக் கட்டணச் சேவையின் சர்வர் கடையின் சர்வரைக் கூப்பிடும்போதெல்லாம் இணைப்பு அறுந்திருக்கிறது. அதே முகவரி, அதே சான்றிதழ், என் பிரவுசரில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று புரிய, இணைப்பு தொடங்கும் அந்தச் சில மில்லி விநாடிகளில் நடப்பதைப் பார்க்க வேண்டும். சர்வர் தன் சான்றிதழை நீட்டுகிறது. அதில் இருப்பது முக்கியமாக மூன்று விஷயம்: இன்ன டொமைன் பெயருக்கு இன்ன பொதுச் சாவி (மறையாக்கச் சாவி ஜோடியில் எல்லோருக்கும் காட்டும் பாதி), இன்ன தேதி வரை செல்லும், இதற்கு இன்னார் கையெழுத்து. கூப்பிட்டவர், அதாவது பிரவுசரோ வேறு நிரலோ, அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். அவரிடம் நம்பிக்கையான வேர்ச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பிரவுசரோடோ இயங்குதளத்தோடோ வந்தது. ஆனால் அந்த வேர்களை வைத்திருக்கும் சான்றிதழ் நிறுவனங்கள் தங்கள் மூலச் சாவியால் நம் தளத்துக்கு நேரடியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தச் சாவி திருடுபோனால் எல்லாமே போயிற்று என்பதால் அதை இணையத்தோடு சேர்க்காமல் பூட்டி வைத்துவிட்டு, இடைநிலைச் சான்றிதழ் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள், அந்த இடைநிலைதான் நமக்குக் கையெழுத்துப் போடுகிறது.

நிலம் வாங்கப் போனவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். விற்பவர் பெயரில் உள்ள கடைசிப் பத்திரம் மட்டும் போதாது, தாய்ப்பத்திரம் வரைக்கும் தொடர் அறாமல் வர வேண்டும், நடுவில் ஒரு கிரயப் பத்திரம் விடுபட்டால் வங்கியில் கடன் கிடைக்காது. சான்றிதழிலும் அப்படியே. வேர் மட்டும் கூப்பிடுபவரிடம் இருக்கும், தளத்தின் சான்றிதழையும் இடைநிலையையும் சர்வர்தான் சேர்த்து அனுப்ப வேண்டும். நான் வைத்ததில் இடைநிலை இல்லை.

பிறகு எப்படி என் பிரவுசர் ஏற்றுக்கொண்டது? சில வக்கீல்கள் விடுபட்ட பத்திரத்தின் நகலைத் தாங்களே பதிவு அலுவலகத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. சான்றிதழுக்குள்ளேயே "எனக்குக் கையெழுத்துப் போட்டவரின் சான்றிதழ் இந்த முகவரியில் கிடைக்கும்" என்று ஒரு குறிப்பு இருக்கும், குரோம் அங்கே போய் எடுத்துக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸ் அப்படிப் போகாது, ஆனால் தெரிந்த இடைநிலைகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கிறது. சர்வர்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படும் கர்ல், பைத்தான், ஜாவா நிரல்கள் பொதுவாக இந்த உதவியைத் தாமாகச் செய்வதில்லை. சர்வர் கொடுத்ததை வைத்துப் பார்க்கும், தொடர் அறுந்திருந்தால் இணைப்பைத் துண்டிக்கும். அவை செய்வதுதான் சரி என்று நினைக்கிறேன், பிரவுசரின் பெருந்தன்மை நம் தவறை நம்மிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

அதனால் சோதனைக்கு பிரவுசரை நம்பாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கக் கருவியில் எஸ்-கிளையன்ட் என்ற கட்டளை இருக்கிறது, அதை டொமைன் பெயரோடு https இணைப்புகள் வரும் 443 ஆம் போர்ட்டுக்கு விட்டு, ஷோசெர்ட்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தால், சர்வர் உண்மையில் என்னென்ன அனுப்புகிறது என்று வரிசையாகக் காட்டும். அன்று வந்தது ஒரே ஒரு சான்றிதழ், கீழே சரிபார்ப்புக் குறியீடு 21, அதாவது முதல் சான்றிதழையே உறுதிசெய்ய முடியவில்லை. சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் நிரல் ஒரே அடைவில் செர்ட் (தளத்தின் சான்றிதழ் மட்டும்) என்றும் ஃபுல்செயின் (இடைநிலையும் சேர்ந்தது) என்றும் தனித்தனிக் கோப்புகள் வைக்கிறது, தளத்தை நடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளுக்கு முதலாவதைக் கொடுத்திருந்தேன். ஃபுல்செயினுக்கு மாற்றி, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ததும் குறியீடு 0 ஆனது. (கோப்பை நீங்களே ஒட்டிச் சேர்ப்பதாக இருந்தால் தளத்தின் சான்றிதழ் முதலில், இடைநிலை அதற்குப் பின்னால். வரிசை மாறினால் சர்வரிடம் ரகசியமாக இருக்கும் தனிச் சாவியோடு பொருந்தவில்லை என்று என்ஜின்எக்ஸ் கிளம்பவே மறுக்கும்.)

சர்வர் எல்லாவற்றையும் ஒழுங்காக அனுப்பியும் அறுந்த கதையும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய வேர் காலாவதியானது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு அதை நம்பியிருந்தது, அதற்குள் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற சொந்த வேரை நிலைநாட்டியிருந்தது, ஆனால் 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்தப் புது வேர் தெரியாது. அந்தப் போன்கள் கைவிடப்படக் கூடாது என்று, பழைய வேர் புதியதற்குக் கையெழுத்துப் போட்ட சான்றிதழையும் சேர்த்தே அனுப்பினார்கள். வேரின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதால் அங்கே வேலை செய்தது. கூப்பிடுபவர் பக்கம் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 இருந்த இடங்களில் சிக்கியது. புது வேர் கையில் இருந்தும், அந்தப் பதிப்பு சர்வர் அனுப்பிய தொடரையே பிடித்துக்கொண்டு மேலே ஏறி, காலாவதியான வேரில் முட்டி நின்றது. அங்கே தீர்வு, பழைய வேரை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அல்லது ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பிப்பது. பிழை கூப்பிடுபவர் பக்கமும் இருக்கலாம் என்பதை அன்று பலர் கற்றுக்கொண்டார்கள்.

மற்ற காரணங்கள் சீக்கிரம் பிடிபடும். ஒரே கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள், மதர்போர்டு பேட்டரி செத்துத் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பெயர் பொருந்தவில்லை என்றால் நட்சத்திரக் குறிச் சான்றிதழ் ஒரு படிக்குத்தான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள், *.example.com என்று வாங்கியது kadai.example.com என்ற பெயருக்குச் செல்லும், அதற்கும் உள்ளே இருக்கும் pay.kadai.example.com என்ற பெயருக்கு உதவாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கிறது, கர்லில் ஒரே எழுத்து, பைத்தானில் ஒரே சொல். இணைப்பு அப்போதும் மறையாக்கத்தோடுதான் போகும், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாது, நடுவில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து மாற்றி அனுப்பலாம். பணம் கைமாறும் இடத்தில் இதைச் செய்வது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

சான்றிதழின் ஆயுளும் குறைந்துகொண்டே போகிறது. 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாள் என்று ஆனது, 2029 மார்ச்சிலிருந்து 47 நாள்தான். கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது. ஆனால் தானியங்கியாக விட்டாலும், கோப்பு வட்டில் புதிதாக இருக்க, ரீலோட் ஆகாத சர்வர் நினைவகத்தில் உள்ள பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே நண்பரின் கடைக்கு எழுதிய ஸ்கிரிப்ட் கோப்பைப் படிப்பதில்லை. தினமும் காலையில் வேறொரு சர்வரிலிருந்து 443க்கு நேராகப் போய் முழுத் தொடரையும் சோதிக்கிறது, 20 நாளுக்குக் கீழே இறங்கிவிட்டால் எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறது.