தின்னர் ஆவியைத் தின்னும் ஈஸ்ட்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்குக் காற்று மாசுக் கட்டுப்பாடு தொடர்பாகச் செல்லும்போது, பெயின்ட் அடிக்கும் அறையில் தின்னர் நெடி கண்ணைக் கரித்தாலும், "எக்சாஸ்ட் ஃபேன் ஓடுதே சார்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த மின்விசிறி தின்னரில் உள்ள டொலுவீன், சைலீன் ஆவிகளை அப்படியே தெருவுக்குத் தள்ளுகிறது. கரி வடிகட்டி பொருத்தினாலும் அது ஆவியைப் பிடித்து வைக்குமே தவிரச் சிதைக்காது. நிரம்பிய கரியே அபாயக் கழிவாகிவிடும்; அதை முறையாக அகற்ற வேண்டும்.

இந்த ஆவிகளையே உணவாகக் கொள்ளும் ஈஸ்ட்டுகள் இருக்கின்றன என்பது நம் பகுதித் தொழில்முனைவோர் பலருக்கும் தெரியாது. எக்சோஃபியாலா எனப்படும் கரும் ஈஸ்ட் இனத்தின் சில வகைகள் டொலுவீனையும், ஃபைபர் கிளாஸ் வேலையில் எழும் ஸ்டைரீனையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சிதைத்து, எஞ்சிய கார்பனைக் கொண்டு தம் உடலை வளர்த்துக்கொள்கின்றன. ரொட்டிக்குச் சேர்க்கும் ஈஸ்ட்டால் இது முடியாது. பல பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடும் அமிலத்தன்மையையும் ஓரளவு வறட்சியையும் இவை தாங்குவதுதான் இவற்றின் பெரிய பலம்.

அமைப்பு எளியது: புகைபோக்கிக்கு முன் ஒரு தொட்டி, அதில் பெர்லைட் எனும் இலேசான எரிமலைக் கல் துகளோ, போச்சம்பள்ளிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் நாரோ, அதன்மேல் படர்ந்த ஈஸ்ட். பராமரிப்பில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பெயின்ட் துகள்களை முதலில் வடிகட்டி, காற்றை நீர்த் தெளிப்பின் வழியே ஈரமாக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். இல்லையேல் கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் நார் சுருங்கி, தொட்டிச் சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி விழுந்து, ஆவி ஈஸ்ட்டைத் தொடாமலேயே அந்த வழியாக நழுவிப் போய்விடும். அடியில் வடியும் நீரை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் தொட்டுப் பார்ப்பதையும், நைட்ரஜன் சத்துக் கரைசலைத் தெளிப்பதையும் ஒருவரின் அன்றாடப் பொறுப்பாக்குங்கள்.

எக்சோஃபியாலாவின் சில வகைகள் மனிதருக்கு நோய் தரக்கூடியவை. ஆகவே, ஆய்வகம் இனங்கண்டு, பாதுகாப்பானதென உறுதிசெய்த வகையை மட்டுமே பயன்படுத்துங்கள். நாரைக் கிளறுபவர் கையுறையும் துகள் தடுக்கும் முகக்கவசமும் அணிய வேண்டும்.

இந்தத் தொட்டி வெளியேறும் காற்றைத்தான் சுத்தம் செய்கிறது. அறைக்குள் ஸ்பிரே துப்பாக்கி பிடித்து நிற்பவரின் மூச்சுக்கு அது காவல் அல்ல. துணிக் கவசமும் ஆவியைத் தடுக்காது. அவருக்குக் கரிம ஆவிகளைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசத்தை வாங்கித் தந்துவிட்டு, அதன் பிறகு தொட்டிக்கு இடம் பாருங்கள்.