‘தூக்கச் சத்து’ என்று ஒன்று இல்லை

தருமபுரியில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற அக்கா, கையில் இருந்த கலர் டப்பாவைக் காட்டிக் கேட்டார்: “சத்து மாத்திரைதானே அண்ணா, புள்ளைக்குக் குடுத்தா ஒண்ணும் ஆகாதில்ல?” கடைக்காரரும் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “சத்துதாங்க, தாராளமா குடுங்க” என்றார். டப்பாவில் இருந்தது மெலடோனின். பையன் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லையாம்.

‘தூக்கச் சத்து மாத்திரை’ என்ற இந்தச் சொல்லை ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் வாயில் கேட்டிருக்கிறேன். கைபேசியில் வரும் விளம்பரங்களில் ‘உறக்க ஊட்டச்சத்து’ என்று கொஞ்சம் புடவை கட்டிக்கொண்டு வருகிறது. இரண்டும் ஒன்றுதான், இரண்டும் தவறு. சொல் தவறானதால் அந்தப் பையனுக்கு என்ன நேரும் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச் சொல். ஆங்கிலத்தில் ‘ஸ்லீப் சப்ளிமெண்ட்’ என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். சப்ளிமெண்ட் என்பது லத்தீனிலிருந்து வந்தது. ‘சப்ளேரே’ என்றால் குறைவதை இட்டு நிரப்புவது. அவ்வளவுதான், இதில் உணவும் இல்லை, சத்தும் இல்லை, மருந்தும் இல்லை. தமிழில் நாம் இந்தச் சொல்லை ஏற்கெனவே இடத்துக்கு ஏற்றபடி அழகாகக் கையாண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் தவறியவர் எழுதுவது துணைத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளுடன் வருவது இணைப்பிதழ். கணக்குப் பாடத்தில் 180 பாகைக்கு நிரப்புவது மிகைநிரப்புக் கோணம். ஒரே சொல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர், மூன்றும் பொருத்தம். மாத்திரை டப்பாவுக்கு வந்ததும் மட்டும் யோசிக்காமல் ‘சத்து’ என்று போட்டுவிட்டார்கள்.

சத்து என்ற சொல் நம் ஊரில் சாதாரணச் சொல் இல்லை. அது ‘சத்துவம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது என்பார்கள், அது இருக்கட்டும். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு இந்தச் சொல்லுக்கு ஒரு தாய்மை ஏறிவிட்டது. சத்துணவு, சத்துமாவு, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து என்று கேட்டாலே, குழந்தைக்குக் கொடுக்கவேண்டியது, கொடுக்காவிட்டால்தான் தப்பு என்ற எண்ணம் வந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சத்து என்றால் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதது, வெளியிலிருந்து சாப்பாட்டில் வந்தாக வேண்டியது, குறைந்தால் நோய் என்று மூன்று பொருள் அதற்குள் அடங்கியிருக்கிறது.

மெலடோனினுக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அது ஒரு ஹார்மோன். மூளையின் நடுவில் பட்டாணி அளவு கூட இல்லாத கூம்புச் சுரப்பி, இருட்டியதும் அதைச் சுரக்கிறது, வெளிச்சம் பட்டால் குறைத்துக்கொள்கிறது. களியைச் சாப்பிடாததால் மெலடோனின் குறைந்தது என்று யாருக்கும் ஆவதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிவரை முகத்துக்கு நேரே கைபேசி வெளிச்சம் அடித்தால் அது சுரப்பது தள்ளிப்போகும். அந்தப் பையனுக்குக் குறைந்தது சத்தா, இருட்டா என்று அந்த அக்கா யோசிக்கவே ‘சத்து’ என்ற சொல் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்று. சத்து என்று சொல்லிவிட்டால் அளவு என்ற எண்ணமே போய்விடுகிறது. அதிகம் கொடுத்தால் அதிக நல்லது என்றாகிவிடுகிறது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அளவைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? ஃபுளோரைடு கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் காவியேறுகிறது, இன்னும் கூடினால் எலும்பும் வளைகிறது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று காவிரியை வீட்டுக்கு வீடு கொண்டுவர வேண்டியிருந்தது. ஃபுளோரைடை யாராவது ‘பல் சத்து’ என்று விற்றிருந்தால் நம் கிழவர்கள் கம்பை எடுத்திருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். தூக்கத்துக்கு என்று விற்கும் டப்பாக்களில் மக்னீசியமும் இருக்கிறது. மக்னீசியம் உண்மையிலேயே தாதுச்சத்து, அதைச் சத்து என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் தூக்கத்துக்கு அது பெரிதாக உதவுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. மாத்திரையாக அதிகம் போட்டால் வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆக, சத்தாக இருப்பதுகூடத் தூக்கச் சத்து ஆவதில்லை.

மெலடோனினுக்குத் ‘தூக்க ஹார்மோன்’ என்ற பெயரும் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. இதுவும் சரியில்லை. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாட்டின் கூம்புச் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தூக்கத்தை அல்ல. தவளைத் தோலின் கருமையை வெளுக்க வைக்கும் பொருளைத்தான் தேடினார். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் பெயர் வாலையும் ஒட்டிப் பெயர் வைத்தார். எலிக்கும் இரவில்தான் மெலடோனின் ஏறுகிறது, ஆனால் எலி அப்போதுதான் வீடெல்லாம் ஓடுகிறது. அது ‘தூங்கு’ என்று கட்டளையிடும் பொருளாக இருந்தால் நம் வீட்டு எலிகள் ராத்திரியில் குறட்டை விட வேண்டும். அது உடம்புக்குச் சொல்வது ‘இருட்டிவிட்டது’ என்ற சேதியை மட்டும். ‘இருள் ஹார்மோன்’ என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், உண்மையும் கெடாது.

இந்தச் சேதி யாருக்குப் பயன்படும்? உடம்புக் கடிகாரம் தள்ளிப்போனவர்களுக்கு. வெளிநாடு போய் நேரம் மாறித் தவிப்பவர்களுக்கும், விடியும்வரை தூக்கமே வராமல் உடம்பு பழகிப்போனவர்களுக்கும் சரியான நேரத்தில், சிறிய அளவில் எடுத்தால் உதவுகிறது. நேரம் தவறினால் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். பொதுவாகத் தூக்கம் வராதவர்களுக்கு எவ்வளவு உதவும்? 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சராசரியாக 7 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருவதாகச் சொன்னது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல், தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. நம் சிப்காட் தொழிற்பேட்டைப் பிள்ளைகளைப் போல நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் படுப்பவர்களுக்குச் சுமார் 24 நிமிடம் கூடுதலாகத் தூக்கம் கிடைக்கலாம் என்று 2014இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது, சான்று வலுவற்றது என்ற குறிப்புடன். இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. பகலில் தூங்கப் போராடுகிறவனுக்கு 24 நிமிடம் பெரிது. ஆனால் அது சத்து தரும் பலம் இல்லை, ஒரு சிறு துணை.

கெடுதல் பக்கமும் உண்டு. மறுநாள் காலை மந்தம், தலைவலி, தலைசுற்றல் வரலாம். அந்த மந்தத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு சூளகிரி வழியாக ஓசூர் போகிறவனையும், தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிறவனையும் நினைத்துப் பாருங்கள். வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் சிக்கல். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானதா என்று தெளிவான சான்று இல்லை. டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கவலை. கனடாவில் 31 வகைகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், மெலடோனின் அளவு குறித்ததைவிட 83 சதவீதம் குறைவு முதல் 478 சதவீதம் அதிகம் வரை இருந்தது. எட்டு வகைகளில் எழுதப்படாத செரடோனினும் இருந்தது. 1989இல் அமெரிக்காவில் தூக்கத்துக்காக விற்ற டிரிப்டோபன் என்ற அமினோ அமில மாத்திரையில் மாசு கலந்து 1,500க்கும் மேற்பட்டவர்கள் கடும் தசைவலியோடு விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். அதையும் ‘இயற்கையானது’ என்றுதான் விற்றார்கள்.

அப்புறம் குழந்தைகள். மெலடோனின் இப்போது ‘கம்மி’ (gummy) என்ற மெல்லும் மிட்டாய் வடிவத்திலும் வருகிறது. பிள்ளைகள் இதை எடுத்துத் தின்றதாக அமெரிக்காவின் நச்சு உதவி மையங்களுக்கு 2012இல் வந்த தகவல் 8,337. 2021இல் அது 52,563. மிட்டாய் வடிவத்துக்கு மேல் ‘சத்து’ என்ற பெயரும் சேர்ந்தால் நம் வீட்டு அலமாரியில் என்ன ஆகும்?

மற்ற மொழிபெயர்ப்புகளையும் பார்த்துவிடுவோம். ‘தூக்க மாத்திரை’ என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் அது அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுக்குப் போய்ச் சேர்ந்த பெயர். அவை நம் நாட்டு மருந்து விதிகளில் கட்டுப்பாடு கூடிய ‘எச்1’ பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மெலடோனினுக்கு வீண் பயமும், அல்பிரசோலத்துக்கு வீண் துணிச்சலும் வரும். இரண்டாவது கொன்றுவிடும்.

‘இணை உணவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கன்வாடிக்குப் போய்க் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுப்பதற்கு அந்தப் பெயர் என்றோ ஆகிவிட்டது.

தூய தமிழ் ஆர்வலர்கள் ‘துயிலூக்கி’ என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தச் சொல்லை ஏற்க மாட்டேன். ஊக்கி என்றால் வேகப்படுத்துவது. வினையூக்கி, ஊக்கமருந்து எல்லாம் அந்த வழி. தூக்கத்தை யாரும் முடுக்கிவிட முடியாது. 7 நிமிடத்துக்கு ‘ஊக்கி’ என்பது பொய்யான வாக்குறுதி. துயில் என்பதும் இன்று பாட்டிலும் கோயிலிலும் வாழும் சொல். ‘துயில் வரலைங்க’ என்று எந்த மருத்துவரிடமும் யாரும் சொல்வதில்லை. தூக்கம் தமிழ் இல்லை என்று நினைத்துத்தான் பலர் உறக்கத்துக்கும் துயிலுக்கும் ஓடுகிறார்கள். தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவியின் கூடு தொங்குவதைப் போல உடல் தளர்ந்து தொய்வதுதான் தூக்கம். இதைவிடத் தமிழான சொல் எது வேண்டும்?

டப்பாக்களின் தமிழைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ‘ஒரு பரிமாறும் அளவு: இரண்டு கம்மிகள்’ என்கிறது ஒன்று. பந்தியில் இலை போட்டா பரிமாறுகிறார்கள்? ‘ஒரு வேளைக்கு இரண்டு’ என்றால் முடிந்தது. ‘பரிந்துரைக்கப்பட்ட தினசரி பயன்பாட்டை மீற வேண்டாம்’ என்கிறது இன்னொன்று. உயிர் காக்கும் வரி இதுதான், அதைப் படித்தால் பாதியிலேயே கண் நழுவுகிறது. ‘குறித்த அளவுக்கு மேல் சாப்பிடாதீர்கள்’ என்று எழுத ஏன் கை வரவில்லை? தூக்கத்துக்கு என்று விற்கும் இன்னொரு பொருளான அமுக்கராவுக்கு வந்த கதி இன்னும் வருத்தம். நம் நாட்டு மருந்துக்கடையில் ‘அமுக்கராக் கிழங்கு’ என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். கம்மியில் ஏறியதும் அது அஸ்வகந்தா ஆகிவிட்டது. பாட்டிக்குப் பழக்கமான பொருள் என்று தெரியாமலே பேத்தி அமுக்கராவையும் அஸ்வகந்தா கம்மியையும் சேர்த்துச் சாப்பிடுகிறாள். அதன் தாவரவியல் பெயரிலேயே தூக்கம் தருவது என்ற பொருளில் ‘சோம்னிஃபெரா’ இருக்கிறது. கல்லீரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது, தைராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. எழுதுபவருக்கு ‘அமுக்கரா’ தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

என் பரிந்துரை ‘தூக்கத் துணைப்பொருள்’. துணைத் தேர்வில் உள்ள அதே துணை. கூட வருமே தவிர, தூக்கத்துக்குப் பதிலாக நிற்காது. ‘பொருள்’ என்பது உணவு என்றோ சத்து என்றோ மருந்து என்றோ முன்கூட்டியே உறுதி கொடுப்பதில்லை. ‘துணைமருந்து’ என்று ஏன் வைக்கக்கூடாது என்று ஒரு நண்பர் கேட்டார். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிப்படி இந்த வகை டப்பாக்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும். மேலே மருந்து, கீழே மருந்தல்ல என்று ஒரே டப்பாவில் எழுத முடியாது.

பொதுப்பெயர் மட்டும் போதாது, உள்ளே இருப்பதன் பெயர் முன்னால் வர வேண்டும். டப்பாவில் தமிழ் இப்படி இருந்தால் எனக்குப் போதும்: ‘மெலடோனின் 3 மி.கி. தூக்கத் துணைப்பொருள். சத்து மாத்திரை அல்ல. ஒரு வேளைக்கு ஒன்று. குறித்த அளவுக்கு மேல் சாப்பிடாதீர்கள். சாப்பிட்ட பின் வண்டி ஓட்டாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வாரத்தில் மூன்று இரவுகள் என்று மூன்று மாதமாகத் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.’