பிரிண்டர் ஃபான்ட் மெட்ரிக்ஸ்: அச்சுப்பொறி எழுத்துரு அளவை

சொல்: பிரிண்டர் ஃபான்ட் மெட்ரிக்ஸ். சுருக்கம்: பிஎஃப்எம். தமிழில்: அச்சுப்பொறி எழுத்துரு அளவை, சுருங்கச் சொன்னால் எழுத்துரு அளவை.

ஓர் எழுத்துருவின் ஒவ்வோர் எழுத்தும் வரியில் எவ்வளவு அகலம் பிடிக்கும், எந்த இரண்டு எழுத்துகள் பக்கத்தில் வந்தால் எவ்வளவு நெருங்க வேண்டும் அல்லது விலக வேண்டும் என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கும் கோப்பு இது. எழுத்தின் வடிவம் இதில் கிடையாது. வடிவம் பிஎஃப்பி என்ற வேறொரு கோப்பில் இருக்கும். அளவை மட்டும் தனிக் கோப்பாக இருக்கக் காரணம், பெயரின் முதற்சொல்லிலேயே இருக்கிறது. இங்கே பிரிண்டர் என்பது அச்சகத்தாரை அல்ல, பொறியைக் குறிக்கிறது. 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரின் உள்நினைவகத்திலேயே போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வரைவு மொழிக்குரிய 13 எழுத்துருக்கள் இருந்தன. எழுத்தை வரைவது பொறியின் வேலை. வரியை எங்கே முறிப்பது என்று முடிவு செய்வது மட்டுமே கணினியின் வேலை, அதற்கு அகலம் தெரிந்தால் போதும். விண்டோஸுக்காக அந்த அகலங்களை இரும வடிவில் அடுக்கிக் கொடுத்ததுதான் பிஎஃப்எம். இந்தச் செய்தியை, இன்னும் சிலவற்றோடு, யாரும் திறந்து படிக்கக்கூடிய வெற்று உரையாகத் தருவது அடோபியின் ஏஎஃப்எம். டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்குரியது டிஎஃப்எம். அந்தக் கோப்பின் அமைப்பை லைல் ராம்ஷா 1980-இல் வகுத்தார்.

சொல்லின் வேர்

ஃபான்ட் என்பது உருக்கி வார்த்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈயத்தை உருக்கி அச்செழுத்து வார்த்த காலத்தின் தடம் அது. நம் ‘எழுத்துரு’வில் அந்த வார்ப்பு இல்லை, உரு மட்டும் இருக்கிறது. கணினியில் வார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

மெட்ரிக்ஸின் வேர், அளவு என்று பொருள்படும் மெட்ரான் என்ற கிரேக்கச் சொல். செய்யுளின் சந்தக் கணக்கையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பார்கள். அதனால் அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் ‘யாப்பியல்’ என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. ‘மெட்ரிக்’ என்றே விட்டுவிடுவதிலும் சிக்கல்தான். தமிழ்நாட்டில் மெட்ரிக் என்றவுடன் பள்ளி நினைவுக்கு வரும். அது பதிவேடு என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இதற்கு உறவே இல்லாத சொல்.

‘அளவு’, ‘அளவீடு’, ‘அளவை’ மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. எழுத்தின் அளவு என்றால் 10 புள்ளி, 12 புள்ளி என்ற பருமனைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். அளவீடு என்பது அளக்கும் செயல். அளக்கும் முறையையும், அப்படி அளந்த கணக்குத் தொகுதியையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: அளவை. எண்ணலளவை, எடுத்தலளவை, முகத்தலளவை, நீட்டலளவை என்று இலக்கண வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் படித்ததுதான். எழுத்துரு அளவையும் ஒரு நீட்டலளவையே. ஆகவே எழுத்துரு அளவை என்பதே சரியான சொல் என்பது எங்கள் முடிவு. கோப்பைக் குறிக்கும்போது ‘அளவைக் கோப்பு’ எனலாம். அச்சுக்கோப்பில் உள்ள ‘கோப்பு’ கோத்தல், இது ஆவணக் கோப்பு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குழம்பும் என்பதால் அங்கே மட்டும் ‘அச்சுக்கோக்கும் மென்பொருள்’ என்று எழுதுங்கள்.

கூடவே வரும் இன்னொரு சொல் கெர்னிங்: இரண்டு எழுத்துகளின் இடைவெளியைத் திருத்துவது. மூலை, துருத்திய முனை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அதன் தாய். ஈய எழுத்தில் தன் கட்டையைத் தாண்டி வெளியே நீண்ட பகுதிக்குத்தான் கெர்ன் என்று பெயர். இதை ‘நெருக்கம்’ என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி, ஏனென்றால் சில இணைகளை விலக்கியும் வைப்பார்கள். ‘எழுத்திடைத் திருத்தம்’ இரண்டுக்கும் பொருந்தும்.

கோப்பைத் திறந்தால்

டைம்ஸ் ரோமனின் ஏஎஃப்எம் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-க்குரிய வரி நான்கு செய்திகள் சொல்கிறது: குறியெண் 65, அகலம் 722, பெயர் ஏ, எல்லைப்பெட்டி (எழுத்தின் வடிவத்தைச் சுற்றி வரையும் செவ்வகம்) 15, 0, 706, 674. அலகு, எழுத்தின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 புள்ளியில் அச்சிட்டால் அகலம் 7.22 புள்ளி. வி எழுத்துக்கும் அகலம் 722தான். ஏ, வி இணைக்கு எழுத்திடைத் திருத்தம் கழித்தல் 135. எனவே இரண்டும் சேர்ந்து 14.44 அல்ல, 13.09 புள்ளி இடம் பிடிக்கும். டிஎஃப்எம் இதே 722-ஐ இரண்டின் 20-ஆம் அடுக்கால், அதாவது 1048576-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து 757072 என்று வைத்துக்கொள்ளும்.

பிஎஃப்எம்-இல் இதில் எவ்வளவு இருக்கிறது? அகலம் உண்டு, எழுத்திடைத் திருத்தம் உண்டு. எல்லைப்பெட்டி இல்லை, எழுத்தின் பெயரும் இல்லை. பிஎஃப்எம்-ஐ டெக்குக்கான டிஎஃப்எம் ஆக மாற்றும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இல்லாமைகளிலிருந்தே பிறக்கின்றன.

மாற்றும் முறை

முதலில் கோப்பு நல்லதா என்று பாருங்கள். பதினாறெண் காட்டியில் திறந்தால் முதல் இரண்டு பைட்டுகள் 00, 01 ஆக இருக்க வேண்டும். அடுத்த 4 பைட்டுகள், சிறிய பைட்டு முதலில் வரும் வரிசையில், கோப்பின் மொத்தப் பருமனைச் சொல்லும். அந்த எண்ணும் உண்மையான பருமனும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு கெட்டது. பழைய கோப்புகளை யாரோ உரை முறையில் படியெடுத்து அனுப்பியிருப்பார்கள், வரிமுடிவுக் குறிகள் மாறியிருக்கும். அதைச் செப்பனிட முயலாமல் வேறு படி தேடுங்கள். தலைப்பகுதி 117 பைட்டு. அகலப் பட்டியலும் திருத்தப் பட்டியலும் எங்கே தொடங்குகின்றன என்ற குறிப்பு அதற்குப் பின்னால் வரும்.

பிஎஃப்எம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் பிஎஃப்எம்2ஏஎஃப்எம் என்ற சிறு நிரல் போதும். ஆனால் பிஎஃப்பி-யும் இருந்தால் அந்த வழியில் போக வேண்டாம். இரண்டையும் ஒரே அடைவில் வைத்து, போஸ்ட்ஸ்கிரிப்டைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளோடு வரும் பிஎஃப்2ஏஎஃப்எம் நிரலை ஓட்டுங்கள். அது வடிவக் கோப்பைத் திறந்து எல்லைப்பெட்டியை உண்மையாகவே அளக்கிறது, பெயர்களையும் அங்கிருந்தே எடுக்கிறது, எழுத்திடைத் திருத்தத்தை மட்டும் பிஎஃப்எம்-இலிருந்து வாங்கிக்கொள்கிறது. பிஎஃப்பி-க்குள் திருத்தப் பட்டியல் இருக்காது என்பதால் பிஎஃப்எம்-ஐத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த படி, ஏஎஃப்எம்-ஐ டிஎஃப்எம் ஆக்கும் ஏஎஃப்எம்2டிஎஃப்எம் நிரல். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் குறியேற்றக் கோப்பின் பெயரைக் கொடுத்து, மெய்நிகர் எழுத்துரு (மூல எழுத்துருவின் மேல் திருத்தங்களைச் சேர்த்துத் தருவது) கேட்கும் வி விருப்பத்தோடு ஓட்டினால் இரண்டு கோப்புகள் கிடைக்கும்: மூல டிஎஃப்எம் ஒன்று, விபிஎல் என்ற உரைக்கோப்பு ஒன்று. விபிஎல்-ஐ விபிடோவிஎஃப் நிரலில் கொடுத்தால் மெய்நிகர் எழுத்துருக் கோப்பான விஎஃப்-உம் அதற்குரிய டிஎஃப்எம்-உம் வரும். ஏஎஃப்எம்2டிஎஃப்எம் திரையில் காட்டிய ஒரு வரியை, எழுத்துருப் பெயரை வடிவக் கோப்போடு இணைக்கும் மேப் கோப்பில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் உள்ளூர் டெக் அடைவில் அதனதன் இடத்தில் வைத்து, கோப்புப் பட்டியலையும் மேப் பட்டியலையும் புதுப்பித்தால் வேலை முடிந்தது. இங்கே பலரும் செய்யும் பிழை, ஆவணத்தில் மூல எழுத்துருவின் பெயரைக் கொடுத்துவிடுவது. எழுத்துகள் அச்சாகும், பிழைச்செய்தியும் வராது. ஆனால் எழுத்திடைத் திருத்தமும் கூட்டெழுத்தும் (எஃப்-உம் ஐ-யும் ஒட்டி ஒரே வடிவமாவது போன்றவை) காணாமல் போயிருக்கும். மெய்நிகர் எழுத்துருவின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

எங்கே கெடும்

டெக் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அளவைக் கோப்பு சொல்லும் பெட்டிகளைத்தான் கோக்கிறது. அளவை பொய் சொன்னால் பக்கமும் அப்படியே பொய் சொல்லும்.

எல்லைப்பெட்டி இல்லாத ஏஎஃப்எம்-ஐக் கொடுத்தால் எழுத்தின் உயரமும் தாழ்வும் 0 ஆகிவிடும். சாதாரணப் பத்தியில் இது கண்ணுக்குத் தெரியாது, வரிகளின் தூரத்தை வேறோர் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஒரு சொல்லைக் கட்டம் கட்டிப் பாருங்கள், கோடு எழுத்தின் குறுக்கே ஓடும். எழுத்தின் தலையில் ஏறும் ஒலிக்குறிகளும் இடம் தவறி விழும். மாற்றிய எந்த எழுத்துருவையும் முதலில் கட்டம் கட்டிச் சோதிப்பது நல்ல பழக்கம்.

எழுத்து இல்லாத இடங்களுக்கும் பிஎஃப்எம் ஏதோ ஓர் அகலத்தைக் காட்டும், பெரும்பாலும் சொல்லிடைவெளியின் அகலம். அதை நம்பி மாற்றினால் இல்லாத எழுத்துக்கு வெற்றிடம் விழும். ஒரே எண் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள். எஃப்-ஐ, எஃப்-எல் கூட்டெழுத்துகள் விண்டோஸ் குறியேற்றத்தில் இல்லாததால் பிஎஃப்எம் வழியே வரவே வராது. அடோபியின் தரக் குறியேற்றத்தில் அவற்றுக்கு 174, 175 என்ற இடங்கள் உண்டு.

டிஎஃப்எம்-க்கும் வரம்புகள் உண்டு. எழுத்துகள் 256-க்கு மேல் கூடாது. உயர மதிப்புகள் 0-ஐயும் சேர்த்து 16, தாழ்வு மதிப்புகளும் 16 மட்டுமே. சில உயரங்களை முழுமைப்படுத்த வேண்டியதாயிற்று என்று நிரல் சொன்னால் பதற வேண்டாம், வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும். சொல்லிடைவெளி எவ்வளவு விரியலாம், சுருங்கலாம் என்ற எண்கள் பிஎஃப்எம்-இலும் இல்லை, ஏஎஃப்எம்-இலும் இல்லை. மாற்றும் நிரல் தானாக இட்டுக்கொள்கிறது. வரிகள் இறுகியோ தளர்ந்தோ தெரிந்தால் டிஎஃப்எம்-ஐ டிஎஃப்டோபிஎல் கொண்டு உரையாக்கி, அந்த இரண்டு எண்களையும் திருத்தி, பிஎல்டோடிஎஃப் வழியே திரும்ப இரும வடிவாக்குங்கள்.

பழைய 8 பிட் தமிழ் எழுத்துருக்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அவை லத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. பிஎஃப்எம்2ஏஎஃப்எம் இடத்தைப் பார்த்து லத்தீன் பெயரைச் சூட்டிவிடும். வடிவக் கோப்பில் அதே பெயர் இருந்தால் தப்பிக்கும்; எழுத்துருவை வடிவமைத்தவர் வேறு பெயர் வைத்திருந்தால் அந்த எழுத்து அச்சில் வராது. 160, 173 ஆகிய இடங்களைத் தனியே சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் கணக்கில் அவை இடைவெளிக்கும் மென்மையான இணைகோட்டுக்கும் உரியவை, அங்கே தமிழ் எழுத்து இருந்தால் அது மாற்றத்தில் தொலையும்.

இன்றைய எழுத்துரு வகையான ஓபன்டைப்பில் அளவை, வடிவக் கோப்புக்குள்ளேயே ஒரு பட்டியலாக இருக்கிறது. டெக்கின் புதிய வடிவங்களான சீடெக், லுவாடெக் இரண்டும் அதை நேராகப் படிக்கும். அடோபி 2023 ஜனவரியில் பிஎஃப்பி, பிஎஃப்எம் கோப்புகளாக வரும் டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவைத் தன் மென்பொருள்களில் நிறுத்திவிட்டது. பழைய புத்தகத்தை அதே எழுத்துருவில், அதே வரிமுறிவோடு மறுபடி அச்சிட வேண்டியவருக்கு மேலே சொன்ன வழி இன்றும் தேவைப்படும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள்: “வடிவக் கோப்பு இருக்கிறது, அளவைக் கோப்பு வரவில்லை.” “இந்த எழுத்துரு அளவையில் எழுத்திடைத் திருத்தம் இல்லை.” “அளவை பழைய பதிப்புக்கு உரியது, அதனால்தான் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன.”