சந்தையைப் பற்றி நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்

முதலீட்டு ஆலோசனைக்காக யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "அடுத்த ஒரு வருடத்தில் சந்தை எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?" அவர்கள் சொல்வதை அப்படியே, தேதி போட்டு, அவர்களுடைய கோப்பில் எழுதிவிடுவேன். வீடு, மனை, வட்டி, வேலை நிலவரம் எதைப் பற்றிச் சொன்னாலும் எழுதுவேன். பல வருடப் பழக்கம் இது.

இந்தக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். அடுத்த வருடத்தைப் பற்றிய கருத்து என்று எழுதியிருப்பது பெரும்பாலும் போன ஆறு மாதத்தில் நடந்ததுதான். விலை ஏறியிருந்தால் இன்னும் ஏறும் என்பார்கள். இறங்கியிருந்தால் இன்னும் இறங்கும் என்பார்கள். படித்தவர், வியாபாரி, கணக்கில் புலி, யாராக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

2020 மார்ச்சில் எழுதிய குறிப்புகளில் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: "இன்னும் விழும், இப்பவே எடுத்துடலாம்." அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19-இலிருந்து மார்ச் 23-க்குள் சுமார் 34 சதவீதம் சரிந்திருந்த நேரம் அது. உலகம் முழுக்க அதே பயம். என்னிடம் வருகிற ஒருவர், ஓய்வு பெற இன்னும் பத்து வருடம் இருந்தவர், பங்குகள் எல்லாவற்றையும் விற்றார். திரும்ப எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "நிலைமை தெளிவாகட்டும்" என்றார். ஜூனில் கேட்டபோது "இந்த ஏற்றம் நிக்காது சார்" என்றார். ஆகஸ்ட் 18-இல் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டி முடிந்தது. டிசம்பரில் கேட்டேன். "இவ்வளவு ஏறின பிறகு எப்படி வாங்குறது?" என்றார். மூன்று பதிலும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே இருந்தன. முட்டாள்தனமாக ஒன்றுகூட இல்லை. என்னை இன்றுவரை கவலைப்படுத்துவது அதுதான்.

இது அவர் ஒருவருடைய குணம் அல்ல. அமெரிக்காவில் தனிநபர் முதலீட்டாளர்களின் சங்கம் ஒன்று 1987-இலிருந்து வாராவாரம் தன் உறுப்பினர்களிடம் கேட்டு வருகிறது: அடுத்த ஆறு மாதத்தில் பங்குகள் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? 2000 ஜனவரி முதல் வாரத்தில் 75 சதவீதம் பேர் ஏறும் என்றார்கள். தொழில்நுட்பப் பங்குகளின் நாஸ்டாக் குறியீடு அந்த மார்ச் 10-இல் உச்சம் தொட்டு விழ ஆரம்பித்தது. அந்த உச்சத்தை மறுபடி எட்ட 2015 ஆகிவிட்டது. 2009 மார்ச் 5-இல் சுமார் 70 சதவீதம் பேர் இறங்கும் என்றார்கள். நான்கு நாள் கழித்து, மார்ச் 9-இல், எஸ் அண்ட் பி 500 தன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பியது.

சரி, அப்படியானால் கூட்டம் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தால் போதுமா? அதுவும் முடியாது. நம்பிக்கை மிகுந்திருந்த வாரங்களுக்குப் பிறகு சந்தை ஏறிக்கொண்டே போனதும் உண்டு. உச்சமும் அடிமட்டமும் எந்த நாள் என்பது பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

பொருளாதாரத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். செய்தியில் வேலையிழப்பு, மந்தநிலை என்று வந்துகொண்டிருக்கும்போது பங்குகளை வாங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் 2009-இல் அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது அக்டோபரில். அதற்குள் பங்குக் குறியீடு மார்ச் மட்டத்திலிருந்து பாதிக்கு மேல் ஏறியிருந்தது. வேலை நிலவரம் நேற்றைய கணக்கு. பங்கு விலையில் இருப்பது நாளைக்கான எதிர்பார்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வீடு, மனை விஷயத்துக்கு வந்தால் கருத்துகள் இன்னும் கெட்டியாக இருக்கும். "நிலம் என்னைக்கும் கைவிடாது" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில், விலை தினமும் கண்ணில் படாததுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டு வாசலில் நின்று ஒருவர் தினமும் காலையில் ஒரு விலை, மாலையில் வேறு விலை சொன்னால் வீடும் பங்கு மாதிரியே பதற வைக்கும். விலை தெரியாமல் இருப்பதை விலை ஆடாமல் இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

"வாங்கினதுக்கு இரண்டு மடங்கு ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால் எத்தனை வருடத்தில் என்று கேட்பேன். 15 வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்து பதிவுச் செலவு, வரி, பராமரிப்பு, கடன் வட்டி, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த மாதங்கள் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். வாடகை வந்திருந்தால் அதைக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

கடன் சேரும்போது கணக்கு இன்னும் கூர்மையாகிறது. வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைப்பணம் 20, கடன் 80. விலை 10 ஏறினால் உங்கள் பணத்துக்குப் பாதி லாபம். 10 இறங்கினால் பாதி போய்விட்டது, கடனோ அப்படியே நிற்கிறது. 2006 உச்சத்திலிருந்து 2012-க்குள் அமெரிக்காவில் வீட்டு விலைகள் சராசரியாகக் கால் பங்குக்கும் மேல் இறங்கின. குறைந்த கைப்பணத்தில் வாங்கிய லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிட்டது.

கடன் இல்லாதவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. மூன்று வீடு வைத்திருந்த ஒருவர் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்று வந்தார். சொத்துக் கணக்கில் அவர் பணக்காரர். ஆனால் வீட்டில் ஓர் அறையை மட்டும் பிய்த்து விற்க முடியாதே. கேட்ட விலைக்கு ஆள் வரவில்லை. கடைசியில் உறவினர்களிடம் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தார். அந்த நாளில் அவர் முகம் இருந்த விதம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு பக்கம், "பொறுமையா இருந்தா எல்லாம் திரும்பி வந்துடும்" என்று ஆலோசகர்களான நாங்கள் சொல்வதும் ஒரு கருத்துதான். ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பர் கடைசியில் 38,915-இல் முடிந்தது. அதைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது, 34 வருடம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே நில விலையும் இறங்கத் தொடங்கி, வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனது. பங்கும் நிலமும் சேர்ந்தே விழும் என்று அன்று அங்கே எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? ஒரே நாடு, ஒரே வகைச் சொத்து என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அதனால் சந்தை பற்றிய கருத்தை எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு கேள்விகளுக்குப் போவேன். இந்தப் பணம் உங்களுக்கு எந்த வருடம் வேண்டும்? மூன்று வருடத்துக்குள் வேண்டிய பணம் பங்கிலும் வேண்டாம், மனையிலும் வேண்டாம் என்பது என் பழக்கம். சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓடும்? இப்போதிருக்கும் முதலீடு பாதியாகிப் போனால் யாருடைய படிப்பு, யாருடைய வைத்தியம் நிற்கும்? இவற்றுக்குப் பதில் சொல்ல எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசினாலே போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். ஒருவருக்குத் தெரியாத கடன் இன்னொருவர் வாயிலிருந்து வருவது அங்கேதான்.

2020-இல் விற்றுவிட்டுக் காத்திருந்தவர் இரண்டு வருடம் கழித்து வந்தார். அவருடைய மூன்று பதில்களையும் தேதியோடு காட்டினேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "இதையெல்லாம் நானா சொன்னேன்?" என்று கேட்டார். அன்றைக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகையைப் பங்குகளில் போடும்படி ஏற்பாடு செய்தோம், சந்தை எந்தப் பக்கம் போனாலும் நிறுத்துவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டு. கிளம்பும்போது என் பேனாவை வாங்கி, அதே தாளின் அடியில் அன்றைய தேதியைப் போட்டு, "அடுத்த வருஷம் இறங்கும்னுதான் நினைக்கிறேன்" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.