கார்டா ஏரியில் ஒயின் ருசிக்கப் போகிறவர்கள் கார் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்?

"வாடகைக் கார் புக் பண்ணியாச்சு, ஒரே நாளில் நாலு ஒயின் ஆலை பார்த்துவிடலாமா?" வட இத்தாலிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்துதரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் சாயங்காலம் யார் ஓட்டுவது என்று நான் திருப்பிக் கேட்டால், "ருசி பார்க்கத்தானே போகிறோம், குடிக்கவா போகிறோம்" என்று சிரிக்கிறார்கள். குழுக்களோடு நானே கூடப் போய் மேசையில் நடப்பதைப் பார்க்கிறவன் என்பதால் அந்தப் பதில் எனக்குச் சிரிப்பு வரவழைப்பதில்லை.

என்ன நடக்கிறது என்றால், கான்டினா என்று அங்கே சொல்லும் ஒயின் ஆலைக்குள் போனதும் ஆளுக்கு ஐந்து கிளாஸ் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள், பெரிய கிளாஸ் என்பதால் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் சுமார் 50 மில்லி. ஐந்துக்கும் கூட்டினால் 250 மில்லி, அதாவது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. 13 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 25 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் ரத்தத்தில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.5 கிராம் வந்துவிடும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.8 வரைகூடப் போகும். ஆளுக்கு ஆள் மாறும், சாப்பாட்டைப் பொறுத்தும் மாறும், ஆனாலும் கணக்கு இந்த வட்டாரத்தில்தான். இது ஒரே ஓர் ஆலையின் கணக்கு. உரிமையாளர் உற்சாகமாகி "இதையும் பாருங்கள்" என்று உள்ளேயிருந்து இன்னொரு பாட்டில் எடுத்துவந்தால் (பெரும்பாலும் எடுத்துவருவார்) அது தனி.

இத்தாலியில் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதி லிட்டருக்கு 0.5 கிராம். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்கள், தொழில்முறை ஓட்டுநர்கள் ஆகியோருக்குப் பூஜ்யம்தான். 0.5-ஐத் தாண்டினாலே 500 யூரோவுக்கு மேல் அபராதமும் உரிமம் முடக்கமும் வரும், 0.8-ஐத் தாண்டினால் அது கிரிமினல் குற்றம். இந்தியச் சட்டப்படி எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 0.3 தான். இத்தாலியில் நம்மைவிடத் தாராளம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் அந்தத் தாராளம் முதல் ஆலையிலேயே தீர்ந்துவிடுகிறது. வாடகைக் கார் காப்பீட்டையும் நம்ப வேண்டாம், குடித்துவிட்டு ஓட்டி நடந்த சேதத்தை ஒப்பந்தத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். சைக்கிளும் சட்டப்படி வாகனம்தான் என்பதால் "அப்போ சைக்கிளில் சுற்றலாமே" என்கிற யோசனையும் ஓடாது.

சரி, ஏரிக்கு வருவோம். கார்டா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. லொம்பார்டி, வெனெட்டோ, ட்ரென்டினோ என்று மூன்று மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது. தெற்குக் கரையில் சிர்மியோனே, டெசென்சானோ, பெஸ்கியேரா பக்கத்துக் களிமண் நிலத்தில் துர்பியானா என்கிற திராட்சையில் லுகானா என்ற வெள்ளை ஒயின் செய்கிறார்கள், 1967-லிருந்து தோற்றப் பெயர்ச் சான்று, அதாவது இந்த வட்டாரத்து ஒயினுக்கு மட்டுமே இந்தப் பெயர் என்கிற சட்டப் பாதுகாப்பு, உள்ளது. கிழக்குக் கரையில் பார்டோலினோ, இலேசான சிவப்பு. அதே திராட்சையின் தோலைச் சாறோடு கொஞ்ச நேரம் மட்டும் ஊறவிட்டு எடுப்பது கியாரெட்டோ, ரோஜா நிறம். மேற்கே வால்டெனேசியிலும் கியாரெட்டோ உண்டு, அங்கே திராட்சை குரோப்பெல்லோ. எந்தக் கரையின் கியாரெட்டோ உசத்தி என்று கேட்டால் பதில் நீங்கள் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதுவரை சொன்னவை எல்லாம் பெரும்பாலும் 12-லிருந்து 13.5 சதவீதத்துக்குள் இருப்பவை.

ஆபத்து ஏரியிலிருந்து கொஞ்சம் கிழக்கே, வல்போலிசெல்லாவில் இருக்கிறது. அமரோனே என்ற பெயர் கேட்டுத்தான் பாதிப் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன், அருமையான ஒயின். கொர்வினா, கொர்வினோனே, ரொன்டினெல்லா திராட்சைகளைப் பறித்ததும் பிழியாமல், மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவதுபோல் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பிவிடுகிறார்கள். வெயில் மட்டும் கூடாது, காற்றோட்டமான மாடி அறைகளில் மூன்று நான்கு மாதம் அப்படியே கிடக்கும். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்ணீராக வற்றிப்போகும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அந்தச் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதால்தான் அமரோனே இனிப்பில்லாமல் இருக்கிறது, அதனால்தான் விதிப்படியே குறைந்தது 14 சதவீதம், கடையில் கிடைப்பது 15, 16. நொதித்தலைப் பாதியில் நிறுத்தி இனிப்பை விட்டுவைத்தால் அது ரெச்சோட்டோ. அமரோனே எடுத்த பிறகு மிச்சமிருக்கும் தோல் சக்கையின்மேல் சாதாரண வல்போலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்கவிட்டால் ரிப்பாசோ.

காலையில் லுகானாவில் ஐந்து கிளாஸ், மதியம் அமரோனே ஆலையில் ஐந்து கிளாஸ் என்றால் மொத்தம் 55 கிராம் ஆல்கஹாலுக்குமேல். உடம்பு ரத்தத்தில் உள்ளதை மணிக்கு லிட்டருக்குச் சுமார் 0.15 கிராம்தான் குறைக்கும். காபி குடித்தாலும், முகம் கழுவினாலும், ஏரிக்காற்றில் நின்றாலும் அந்த வேகம் கூடாது. முன்பு சொன்ன 70 கிலோ ஆள் நடுவில் மூன்று மணி நேரம் விட்டிருந்தாலும் எல்லைக்கு மேலேதான் இருப்பார், அவருக்கோ தான் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். அமரோனே தொண்டையில் எரியாது, வழுவழுவென்று இறங்கும், அதுதான் அதன் சூழ்ச்சி. பாட்டிலைத் திருப்பி லேபிளில் உள்ள சதவீத எண்ணைப் பாருங்கள், ஐரோப்பாவில் அதைப் போட்டே ஆகவேண்டும்.

இதற்கு அங்குள்ளவர்கள் கண்டுபிடித்த வழி துப்புவது. மேசை நடுவில் ஒரு சிறு வாளியோ ஜாடியோ வைத்திருப்பார்கள், அது பூச்சாடி இல்லை, ஐஸ் பாத்திரமும் இல்லை. ஒயினை வாயில் உருட்டிவிட்டு அதில் துப்பலாம், கிளாஸில் மிச்சமானதையும் கொட்டலாம். நம்மவர்கள் இதற்கு ரொம்பக் கூச்சப்படுகிறார்கள். செய்தவர் எதிரே நின்றுகொண்டிருக்கிறார், அவர் முகத்துக்கு முன்னால் துப்புவதா, காசு கொடுத்ததை வீணாக்குவதா என்று அந்த வாளியைத் தொடாமலே முழுக்கக் குடித்துவைக்கிறார்கள். எதிரே நிற்கிறவர் தன் வேலை நேரத்தில் தினமும் துப்புகிறவர். ஒயினுக்கு விலை பேச வரும் வியாபாரிகள் எல்லாரும் துப்புகிறவர்கள். துப்பினால் உங்களை விஷயம் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார். ஆனால் துப்பினாலும் வாய் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஓட்டுகிறவருக்கு அதுவும் வேண்டாம்.

மாத்திரைகள். நான் மருத்துவர் இல்லை, ஆனால் பயணத்தில் அதிகமாகப் பார்ப்பதால் சொல்கிறேன். மலைப்பாதையில் தலைசுற்றும் என்று காலையில் அவோமின் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு கிளாஸிலேயே கண் சொருகி உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் தூக்கம் பல மடங்கு அழுத்தும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எடுக்கிறவர்கள் ஒயினைத் தொடவே கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், அதன் தள்ளாட்டத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம். கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

வெறும் வயிறு என்றதும் இன்னொன்று. ஒயினோடு தரும் தட்டில் பாதி பன்றி இறைச்சித் துண்டுகளாக இருக்கும். சைவக்காரர்கள் அதை ஒதுக்கிவிட்டுக் குச்சி ரொட்டியை மட்டும் கொறித்துக்கொண்டு ஐந்து கிளாஸையும் முடிப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே "சென்சா கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று எழுதினால் காய்கறி, ஆலிவ், ரொட்டி, சீஸ் என்று மாற்றித் தருவார்கள். ரொம்பக் கண்டிப்பானவர்கள் சீஸையும் விசாரியுங்கள், அங்கே பலவற்றில் பாலைத் திரளவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேரும். சில ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக் கருவும் பயன்படுத்துவதுண்டு.

குடிக்காதவர்கள் குழுவில் எப்போதும் உண்டு, அவர்கள்தான் ஓட்டுநர் என்று எல்லாரும் தாமாகவே முடிவுசெய்துவிடுவது எனக்குப் பிடிக்காது. அவர்களும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார்கள். கார்டா கரையில் ஆலிவ் எண்ணெய் ருசிக்கும் ஆலைகள் இருக்கின்றன, பார்டோலினோவை ஒட்டிய சிசானோவில் எண்ணெய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நாளில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்.

ஓட்டுநருக்கு வழி இருக்கிறது. டெசென்சானோவும் பெஸ்கியேராவும் மிலான் - வெனிஸ் ரயில் பாதையில் உள்ளவை, வெரோனாவிலிருந்து பெஸ்கியேராவுக்குக் கால் மணி நேரம் போல. கரையோர ஊர்களுக்கு இடையே படகு ஓடுகிறது, குளிர்காலத்தில் மட்டும் சேவை குறைந்துவிடும். லுகானா ஆலைகள் பலவும் இந்த நிலையங்களிலிருந்து டாக்ஸியில் போகிற தூரம்தான், ஆனால் திரும்பி வரும் டாக்ஸியையும் காலையிலேயே பேசிவிடுங்கள், கிராமத்தில் நின்று கைகாட்டினால் ஒன்றும் வராது. வல்போலிசெல்லாவுக்கு ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே நல்லது. நாலு பேர் பங்கிட்டால் அபராதத்தைவிட எப்படியும் மலிவு. அப்புறம், நாலு ஆலை வேண்டாம், இரண்டு போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய் எல்லாமே ஒன்றுபோல் இருக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அறுவடைக் காலத்தில் நொதிக்கும் தொட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள், படம் எடுக்க ஏறாதீர்கள். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தொட்டியிலும் நிலவறைத் தரையிலும் தேங்கி நிற்கும், அதைச் சுவாசித்தால் மூச்சுத் திணறும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிவருகிறவர்களுக்கு: இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் மூன்று எடுத்தால் 2.25 லிட்டர், கால் லிட்டருக்காகச் சுங்கத்தில் நிற்கவேண்டி வரும், கணவன் மனைவி கணக்கை ஒன்றாகச் சேர்க்கவும் விடமாட்டார்கள். ரெச்சோட்டோ அரை லிட்டர் பாட்டிலிலும் கிடைக்கிறது. 750 மில்லி பாட்டில் இரண்டு, அரை லிட்டர் ரெச்சோட்டோ ஒன்று, சரியாக 2 லிட்டர். துணியில் சுற்றி செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.