16 வயதுப் பிள்ளைக்கு ஏன் 9 மணிக்குத் தூக்கம் வருவதில்லை?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகன் பதினோராம் வகுப்பு. இரவு 9 மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைத்தாலும் 11:30 வரை புரண்டுகொண்டே கிடக்கிறான். காலை 5 மணிக்கு டியூஷனுக்கு எழுப்பினால், எழுந்து உட்கார்ந்த வாக்கிலேயே மறுபடியும் தூங்கிவிடுகிறான். "மூதேவி பிடிச்சிருக்கு" என்கிறார் பாட்டி. போன்தான் காரணம் என்று அப்பா அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரு வாரம் ஆகியும் பெரிய மாற்றமில்லை. "இது சோம்பேறித்தனமா, வியாதியா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. அவனுடைய உடம்பின் கடிகாரம் இப்போது தள்ளி ஓடுகிறது. ஓடவேண்டிய வயதில் சரியாகத்தான் ஓடுகிறது.

இதை முதலில் கவனித்தவர்களில் முக்கியமானவர் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்காடன். 1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்காக ஒரு கோடை முகாம் தொடங்கினார்கள். பகலில் விளையாட்டு, இரவில் தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு தூக்கம். அதே பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் திரும்பி வந்தார்கள். வயது ஏற ஏறத் தூக்கத்தின் தேவை குறையும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். படுக்கையில் 10 மணி நேரம் கொடுத்துப் பார்த்தபோது, 10 வயதுக் குழந்தையும் 16 வயதுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 9¼ மணி நேரம், தூங்கினார்கள். தேவை குறையவே இல்லை. இன்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்று சொல்கிறது. ஐந்தரை மணி நேரம் தூங்கிவிட்டு டியூஷனுக்குப் போகும் பிள்ளை, தினமும் கடன் வாங்கித்தான் நாளைத் தொடங்குகிறான்.

சரி, தேவை குறையவில்லை என்றால் தூக்கம் ஏன் நேரத்துக்கு வருவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் தூக்கத்தை ஆள்பவை இரண்டு. 1982-இல் சூரிக் நகரத்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். முதலாவது, சுமை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளைச் செல்கள் ஏ.டி.பி என்ற எரிபொருளை எரித்து வேலை செய்கின்றன. எரித்ததில் மிஞ்சும் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கம் தலையில் ஏறுகிறது. (காப்பி குடித்தால் இந்தச் சுமை குறையாது. அடினோசின் போய் உட்காரவேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.) தூங்கும்போது சுமை இறங்குகிறது.

இது மட்டும்தான் என்றால் என்ன ஆகவேண்டும்? காலையில் சுறுசுறுப்பு, மத்தியானம் பாதித் தூக்கம், சாயங்காலம் 6 மணிக்குக் கண் சொக்கவேண்டும். அப்படி நடப்பதில்லையே! மத்தியானம் 3 மணிக்குச் சொக்கியவர்கூட ராத்திரி 8 மணிக்குத் தெளிவாகத்தான் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் தலையில் சுமை இன்னும் கூடியல்லவா இருக்கவேண்டும்?

கூடித்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வந்திருக்கிறது. அந்தக் கைதான் இரண்டாவது ஆள், உடம்பின் கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் ஒரு சின்னக் கொத்தாக இருக்கின்றன. அரிசி மணியைவிடச் சிறியது. இந்தக் கொத்து, வெளியே சூரியன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேகூட, ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும். பகல் ஏற ஏற, சுமை கூடக் கூட, இதன் தாங்கு விசையும் கூடிக்கொண்டே போகிறது. உச்சத்தை அடைவது, நாம் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். அப்புறம் கை மெல்ல விலகும். மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோனை விடத் தொடங்கும். தாங்கிப் பிடித்த கை போனதும் பகல் முழுக்கச் சேர்ந்த சுமை அப்படியே இறங்கும். நாம் தூங்கிப்போவது இப்படித்தான்.

இதில் அழகு என்னவென்றால், படுக்கும் நேரத்துக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் நாள் முழுவதிலும் தூங்குவதற்குக் கடினமான நேரம். இஸ்ரேலிய ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி இதற்குத் தூக்கம் தடைசெய்யப்பட்ட வேளை என்றே பெயர் வைத்தார். தூக்கம் குறைந்தவர்களைக்கூட அந்த நேரத்தில் இருட்டறையில் படுக்க வைத்தால் எளிதில் தூங்குவதில்லை.

இப்போது அந்தத் திண்டுக்கல் பையனிடம் வருவோம். பருவமடையும்போது இரண்டுமே மாறுகின்றன. சுமை சேரும் வேகம் குறைகிறது. சின்னக் குழந்தை 8 மணிக்கே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூங்கி விழும், 16 வயதுப் பிள்ளை அதே அளவு விழித்திருந்தும் தாக்குப்பிடிப்பான். கடிகாரத்தின் கையும் தாமதமாக விலகுகிறது, இரண்டு மணி நேரம் வரைகூடத் தள்ளிப்போகலாம். உடம்பு 11:30-க்குத்தான் தூங்கத் தயாராகும் என்றால், 9 மணி என்பது அவனுக்கு அந்தத் தடைசெய்யப்பட்ட வேளையின் நட்டநடு. அம்மா விளக்கை அணைக்கும் அந்த நிமிடத்தில், அவன் மூளை அந்த நாளிலேயே மிக உரக்க "விழித்திரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடிகாரம் தள்ளிப்போனது வெறும் ஊகமில்லை, எச்சிலில் அளந்து பார்த்தது. சாயங்காலம் பிள்ளைகளை மங்கலான வெளிச்சத்தில் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியும் அளவுக்குத்தான் வெளிச்சம். அரை மணிக்கு ஒருமுறை ஒரு சின்னக் குழாயில் துப்பவேண்டும். அந்த எச்சிலில் மெலட்டோனின் எந்தக் குழாயிலிருந்து ஏறத் தொடங்குகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் உடம்புக்கு இரவு தொடங்கும் நேரம். பருவ வளர்ச்சியில் முன்னே போனவர்களுக்கு அந்த நேரம் பின்னே போயிருந்தது. அம்மா கண்டிப்பானவரா, வீட்டில் டிவி இருக்கிறதா என்றெல்லாம் எச்சில் பார்ப்பதில்லை.

மனிதப் பிள்ளைகள் மட்டுமல்ல. எலிகளிலும் குரங்குகளிலும் பருவ வயதில் இதே போன்ற தள்ளிப்போதலைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றிடம் போன் இல்லை. ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழு 2004-இல் ஆயிரக்கணக்கானோரின் தூக்க நேரத்தைத் தொகுத்தபோது, தள்ளிப்போதல் 20 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அதன்பின் திரும்பத் தொடங்குவது தெரிந்தது. பெண்களுக்குக் கொஞ்சம் முன்னே, ஆண்களுக்குக் கொஞ்சம் பின்னே.

இரவு தள்ளிப்போனால் விடியலும் தள்ளிப்போகும். காலை 5 மணி அவன் உடம்புக்கு நடுநிசி மாதிரி. 1998-இல் கார்ஸ்காடன் குழு ஒரு பள்ளி மாணவர்களைப் பார்த்தது. ஒன்பதாம் வகுப்பில் 8:25-க்குத் தொடங்கிய பள்ளி, பத்தாம் வகுப்பில் 7:20-க்கு மாறியிருந்தது. காலை 8:30-க்கு அவர்களைப் படுக்கச் சொன்னால் சில நிமிடங்களில் தூங்கினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போனார்கள். சாதாரணமாக அந்தக் கட்டத்துக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். பகலில் இப்படி நடப்பது நார்கோலெப்சி என்ற தூக்க நோயின் அடையாளம். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளை ஒரு பள்ளி மணி நோயாளிகளைப் போல ஆக்கிவைத்திருந்தது.

அப்படியானால் போனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதற்கு ஒரு தவளையைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்ணில் கூம்பு, குச்சி என்று இரண்டு வகைச் செல்கள் வெளிச்சத்தைப் பிடிப்பதாகப் பள்ளியில் படித்தோம். ஆனால் இரண்டும் இல்லாத, பார்வையற்ற எலிகள்கூட இரவு பகலுக்கு ஏற்பத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. எதைக் கொண்டு? 1998-இல் இக்னேஷியோ புரோவென்சியோ ஒரு தவளையின் தோலில், வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மெலனாப்சின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். பின்னர் அது நம் விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. 2002-இல் டேவிட் பெர்சன், அதைச் சுமக்கும் நரம்புச் செல்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்ந்து அந்தக் கடிகாரக் கொத்துக்குச் சேதி அனுப்புவதைக் காட்டினார். உருவத்தைப் பார்ப்பது இவற்றின் முதல் வேலையல்ல. வெளியே பகலா இரவா என்று சொல்லும் வேலை. நீல ஒளியில்தான், சுமார் 480 நானோமீட்டரில், இவை மிகக் கூர்மை. இரவில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளும். காலையில் படும் வெளிச்சம் முன்னே இழுக்கும். ஏற்கெனவே தள்ளி நிற்கும் கடிகாரத்தைப் போன் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. போனைப் பூட்டினால் அந்தக் கொஞ்சம் திரும்பிவரும், மீதி வராது.

இதெல்லாம் மதிப்பெண் சமாச்சாரம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 16 வயதிலேயே பிள்ளைகள் கார் ஓட்டுகிறார்கள். கென்டக்கி மாநிலத்தின் ஃபேயெட் மாவட்டத்தில் பள்ளித் தொடக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே 17, 18 வயது ஓட்டுநர்களின் விபத்து வீதம் 16.5% குறைந்தது. அதே காலத்தில் மாநிலத்தின் மற்ற இடங்களில் 7.8% கூடியிருந்தது. நேரத்தை மாற்றினால் பிள்ளைகள் இன்னும் லேட்டாகத்தான் படுப்பார்கள் என்று எல்லா ஊரிலும் பெற்றோர் சொல்வார்கள். 2016-இல் சியாட்டில் நகரம் 7:50-ஐ 8:45 ஆக்கியபோது, மாணவர்களின் கையில் அசைவைப் பதியும் பட்டையைக் கட்டி முன்னும் பின்னும் அளந்தார்கள். பள்ளி நாள்களில் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே போட்டது. 2022 முதல் அங்கே பொதுவாக உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக்கூடாது.

நம் ஊருக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர்களை ஒரு நாள் தூங்கவிடாமலும் இன்னொரு நாள் மது கொடுத்தும் கண்-கை ஒத்துழைப்பை அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03%. காலை 5 மணிக்கு எழுந்து, இரவு 10 மணிக்கு டியூஷன் முடித்து ஸ்கூட்டியில் வரும் பிள்ளை விழித்து எத்தனை மணி நேரம் ஆகிறது? 17.

காலையில் பால் வாங்கப் போகும்போது எங்கள் தெருமுனையில் தினமும் ஒரு வண்டி கடக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் அப்பாவின் முதுகில் கன்னத்தைப் பதித்துத் தூங்கிக்கொண்டே வருவாள். புத்தகப் பை இருவருக்கும் நடுவில். அப்பா இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, ஒரே கையால் ஓட்டுவார். அந்தக் கை என்னை விட்டுப் போவதில்லை.

பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் பதியும் என்பார்கள். எட்டு மணிக்கு ஊர் அடங்கிய காலத்தில் 4 மணிக்கு எழுந்தவருக்கு 8 மணி நேரத் தூக்கம் கிடைத்தது. தூக்கத்தை விட்டுவிட்டு விழிப்பை மட்டும் மரபு என்று பிடித்துக்கொள்வது தவறு. படித்தது மூளையில் பதிவதில் தூக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதை அறுத்துவிட்டுப் படிக்கச் சொல்வது, நாற்றைப் பிடுங்கிவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. தூங்கும் பிள்ளையை மூதேவி என்று சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துவோம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தின் முதல் பகுதியில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஆராய்ச்சியின் முடிவில் விற்பதற்கு மாத்திரை எதுவும் இல்லை. பள்ளி மணியை மாற்றினால் யாருக்கும் லாபம் வராது. அதனால் இதற்கு அரசாங்கம்தான் பணம் தரவேண்டும். எச்சில் குழாயும் கைப்பட்டையும் பெரிய செலவில்லை. நம் மாவட்டங்களில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை ஓர் ஆண்டு இப்படி அளந்துவிட்டு, அப்புறம் சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யட்டும்.

அம்மாவுக்கு என் பதில் இது. 9 மணிக்குப் படுக்க வைத்துச் சண்டை போடாதீர்கள். 9 மணிக்குக் கூடத்து டியூப்லைட்டை அணைத்து, சின்ன விளக்கைப் போடுங்கள். காலை டியூஷன் இல்லாத நாள்களில், எழுந்ததும் பல் தேய்ப்பதை மொட்டை மாடியில் வெயிலில் வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மத்தியானம்வரை வேண்டாம், கடிகாரம் இன்னும் தள்ளிப்போகும். குறட்டை விட்டாலோ, நன்றாகத் தூங்கியும் பகலில் சொக்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். காலை டியூஷனைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள், நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் மாற்றக்கூடும். இரவு வகுப்பு ஏதும் இருந்தால், அதற்கு அவனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவேண்டாம். யாராவது போய் அழைத்து வாருங்கள்.